தானியமும் தாதுச் சத்தும்

தமிழகத்தை விட்டுத் தில்லிக்கோ நாகபுரிக்கோ கல்கத்தாவுக்கோ குடிபெயர்ந்த குடும்பங்களில், ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு மாறுதல் ஏற்பட்டுவிடுகிறது. மூன்று வேளையும் அரிசியையே நம்பியிருந்த வீட்டில், ஒரு வேளையேனும் சப்பாத்தி இடம் பெறுகிறது. பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு மதிய உணவாகச் சப்பாத்தியும் கறியும் கட்டிக் கொடுப்பது எளிது. ஈர மாவு புளிக்க மறுக்கும் வடநாட்டுக் குளிர்காலத்தில் இட்லிக்கும் தோசைக்கும் ஓய்வு கொடுத்துவிடுகிறோம். இந்த மாறுதலைப் பெரும்பாலோர் நன்மையென்றே கருதி வந்திருக்கிறார்கள்.

எனினும் அண்மைக் காலத்தில் ஓர் ஐயம் பல வீடுகளில் எழுந்துள்ளது. தவிடு நீக்காத மாவே உடலுக்கு உகந்தது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். அந்தத் தவிட்டில் உள்ள ஒரு பொருள், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் குடல் ஏற்கவொட்டாமல் தடுக்கிறது என்று மற்றொரு சாரார் அச்சுறுத்துகின்றனர். இரண்டு கூற்றுக்களும் சோதனைச் சாலையில் பிறந்தவையே. இரண்டிலும் உண்மை உண்டு. அவை எப்படிப் பிறந்தன, அவற்றுள் எதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இங்கு நமது நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். தாவர உணவில் இயல்பாகவே அமைந்து, ஜீரணத்தையோ தாதுக்கள் உடலிற் சேர்வதையோ குறைக்கும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பொதுப்பெயர் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதனை 'எதிர்ச்சத்து' என்று தமிழாக்கலாம். ஆயினும் அச்சொல்லில் ஒரு குறை இருக்கிறது. அது, விதையை நமக்குப் பகையாகக் காட்டிவிடுகிறது. விதை நமக்காக உண்டானது அன்று. தன் முளைக்காகச் சேமித்து வைத்த பண்டசாலை அது. நமக்கு எதிர்ச்சத்தாகத் தோன்றும் பொருள், முளைக்குச் சத்தே ஆகும். இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

1855-ஆம் ஆண்டில், ஜெர்மானியத் தாவர நூலாரான தியோடோர் ஹார்ட்டிக் என்பார் பல செடிகளின் விதைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, மாவுப் பொருளினின்றும் வேறான நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். அவற்றில் பாஸ்பரஸ் செறிந்திருக்கிறது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போஸ்டர்னாக் என்ற ஆராய்ச்சியாளர் இப்பொருளைப் பிரித்தெடுத்து, 'பைட்டின்' என்று பெயரிட்டார். தாவரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதனின்று கிடைக்கும் அமிலமே பைட்டிக் அமிலம்.

இந்த அமிலத்தின் அமைப்பைச் சாதாரணமாக இவ்வாறு விளக்கலாம். ஆறு கரிய அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பாஸ்பேட் தொகுதி தொங்குகிறது. இந்த ஆறு தொகுதிகளும், பொட்டாசியம், மக்னீசியம் முதலிய தாதுக்களைத் தம்மிடம் ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. முதிர்ந்த விதையிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி, அதாவது 100-க்கு 60 முதல் 80 பங்கு வரை, இவ்வுருவில்தான் அடங்கிக் கிடக்கிறது. விதை நீரில் ஊறி முளைவிடும்போது, பைட்டேஸ் என்னும் நொதி வேலை செய்யத் தொடங்கி, பாஸ்பேட் தொகுதிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடுகிறது. அடைபட்டிருந்த தாதுக்கள் இளம் முளைக்கு உணவாகின்றன.

முளைவிடாத தானியத்தை நாம் உண்ணும்போது நிகழ்வது வேறு. மாடும் ஆடும் தங்கள் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் பைட்டிக் அமிலத்தைச் சிதைத்துவிடுகின்றன. மனிதக் குடலில் அத்தகைய நொதி மிகச் சொற்பம். ஆகவே அமிலம் பெரும்பாலும் சிதையாமலே சிறுகுடலை அடைகிறது. அங்கே சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு, கரையாத உப்புக்களாக மாறி, அவற்றுடன் உடலை விட்டு வெளியேறிவிடுகிறது. உணவில் தாது இருந்தும், உடலுக்கு அது இல்லை என்ற நிலை உண்டாகிறது.

இந்த நிலையை முதன்முதல் ஊகித்தவர், ஆங்கிலேய மருத்துவ அறிஞர் எட்வர்டு மெல்லன்பி. முதல் உலக யுத்தத்தின் இறுதியில், ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளையும் நோய் பிரிட்டனின் தொழில் நகரங்களில் ஏழைக் குழந்தைகளை முடமாக்கிக்கொண்டிருந்தது. நோயின் காரணத்தை அறிய மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்து, கஞ்சியையும் ரொட்டியையும் முக்கிய உணவாகக் கொடுத்து வளர்த்தார். குட்டிகளின் கால்கள் வளைந்தன. காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்தபோது நோய் தடுக்கப்பட்டது. 1919-இல் அவர் இச்சோதனைகளை வெளியிட்டார். அந்த எண்ணெயில் உள்ள சத்தே வைட்டமின் டி என்பது சில ஆண்டுகளுக்குள் தெளிவாயிற்று. தோலில் வெயில் படுவதாலும் இச்சத்து உடலில் உண்டாகிறது என்பதை நாம் அறிவோம்.

மெல்லன்பி அத்துடன் நிற்கவில்லை. அவர் கண்களுக்கு ஒரு முரண்பாடு புலப்பட்டது. வெள்ளைக் கோதுமை மாவைவிட ஓட்ஸ் தானியத்தில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் அதிகம். எனவே ஓட்ஸ் உண்ட குட்டிகளுக்கு எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. ஓட்ஸ் உண்டவற்றுக்கே நோய் கடுமையாக வந்தது. தானியத்தில் ஏதோ ஒன்று எலும்பு சுண்ணாம்பேறுவதைத் தடுக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். ஓட்ஸை அமிலமிட்டுக் கொதிக்க வைத்தாலும், முளைகட்டினாலும் அத்தீமை குறைவதைக் கண்டார். நெடுநாள் பெயர் தெரியாதிருந்த அப்பொருள் பைட்டிக் அமிலமே என்பதை, 1939-இல் அவரும் அவருடன் பணியாற்றிய ஹாரிஸன் என்பாரும் எடுத்துக்காட்டினர். இந்த மெல்லன்பியே பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, 1951-இல் லக்னோவில் திறக்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1939-ஆம் ஆண்டு முடிவதற்குள் இரண்டாம் உலக யுத்தம் மூண்டுவிட்டது. நாய்க்குட்டிகளிடம் கண்ட செய்தி, ஒரு தேசத்தின் ரொட்டியைப் பற்றிய கேள்வியாக மாறிற்று. பிரிட்டன் தன் கோதுமையில் பெரும்பகுதியைக் கடல் கடந்து பெற்று வந்த நாடு. பகைவரின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலத்தில், கோதுமையின் தவிட்டைக் கழித்துக் கால்நடைக்குப் போடுவது கட்டுப்படியாகாது. 100 பங்கு கோதுமையில் 70 பங்கு வெள்ளை மாவு எடுத்து வந்த ஆலைகள், 1942 முதல் 85 பங்கு மாவு எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. ரொட்டியின் நிறம் மங்கிற்று. தவிட்டுடன் பைட்டிக் அமிலமும் உணவில் ஏறிற்று. பாலும் பாலாடைக் கட்டியும் அளந்து கொடுக்கப்பட்ட நேரம் அது. அப்படியானால் குழந்தைகளின் எலும்பு என்ன ஆகும்?

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள், கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ராபர்ட் மக்கான்ஸும் எல்ஸி விடோஸன் என்ற அம்மையாரும் ஆவர். உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி 1940-இல் அவர்கள் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. பிறரிடம் சோதிக்குமுன் தம் உடலிலேயே சோதிப்பது அவர்கள் வழக்கம். யுத்தம் தொடங்கிய சில மாதங்களிலேயே அவர்களும் தோழர்களும், ரொட்டி, உருளைக்கிழங்கு, கோசு இவற்றையே பெரும்பாலும் உண்டு, பாலை மிகக் குறைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தனர். அந்த உணவின் வலிமையை அளக்க, 1940 ஜனவரிக் குளிரில் வட இங்கிலாந்தின் மலைகளில் ஏறி இறங்கினர். உடல் வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் சுண்ணாம்புச் சத்து மட்டும் உடலில் போதிய அளவு தங்கவில்லை.

பின்னர் அவர்கள், ஆண்களும் பெண்களுமாகச் சிலரைக் கொண்டு, பல மாத காலம் நுட்பமான சோதனை நடத்தினர். சில வாரங்கள் வெள்ளை ரொட்டி. சில வாரங்கள் தவிட்டு ரொட்டி. உண்டதையும் கழித்ததையும் முழுவதும் நிறுத்து, தாதுக்களைக் கணக்கிட்டனர். தவிட்டு ரொட்டியில் தாதுக்கள் கூடுதலாக இருந்தும், உடல் ஏற்றுக்கொண்ட சுண்ணாம்பு குறைவாகவே இருந்தது. அதே ரொட்டியிலிருந்து பைட்டிக் அமிலத்தை மட்டும் நீக்கிக் கொடுத்தபோது, குறை நீங்கிற்று. 1942-இல் இம்முடிவுகள் வெளிவந்தன. மாவில் சுண்ணாம்புத் தூளைச் சேர்க்கலாம் என்ற அவர்களுடைய யோசனையை அரசாங்கம் ஏற்றது. ரொட்டியில் சுண்ணாம்பைக் கலப்பது கலப்படமன்றோ என்று எதிர்ப்பும் எழாமலில்லை. எனினும் யுத்தக் காலத்திலேயே அவ்வழக்கம் நிலைபெற்றது. வெள்ளை மாவிற் சுண்ணாம்பு சேர்க்கும் சட்டம் பிரிட்டனில் இன்றும் நடைமுறையில் உள்ளது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பைட்டிக் அமிலம் மிகுந்த முழுக் கோதுமை மாவுக்கு அச்சட்டத்தினின்று விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது!

அண்டை நாடான அயர்லாந்திலும் யுத்தக் காலத்தில் தவிடு நீக்காத மாவே மக்களுக்குக் கிடைத்தது. டப்ளின் நகரத்துக் குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் பெருகியது கண்டு மருத்துவர்கள் கவலை கொண்டனர். பிறகு அங்கும் தவிட்டின் அளவு குறைக்கப்பட்டது. இவ்வளவில் வரலாற்றை நிறுத்திவிட்டால், தவிடு குற்றவாளி, வெள்ளை மாவு நல்லது என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் அடுத்த பத்தாண்டுகள் அத்தீர்ப்பைத் திருத்தின.

1948-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்கர் என்பாரும் அவருடைய துணைவர்களும் நடத்திய சோதனை, முதல் திருத்தத்தை அளித்தது. பைட்டிக் அமிலம் மிகுந்த ரொட்டியை உண்ணத் தொடங்கியதும் சுண்ணாம்புச் சத்து வீணாவது உண்மையே. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல, உடல் அந்த உணவுக்குப் பழகி, இழப்பைக் குறைத்துக்கொள்கிறது. குறுகிய காலச் சோதனை நீண்ட கால வாழ்க்கைக்கு முழுச் சான்றாகாது என்பது இதனால் புலனாயிற்று.

இரண்டாவது திருத்தத்தைச் செய்தவர்கள், தவிட்டின் குறையை உலகுக்கு உரைத்த மக்கான்ஸும் விடோஸனுமே ஆவர். யுத்தத்தில் தோற்றுப் பசியால் வாடிய ஜெர்மனியில், அநாதைக் குழந்தைகளின் இல்லங்களில் 1947 முதல் அவர்கள் ரொட்டிச் சோதனை ஒன்றை நடத்தினர. குழந்தைகள் மெலிந்தும் உயரங் குன்றியும் இருந்தனர். தவிடு முழுவதும் உள்ள மாவு, ஓரளவு நீக்கிய மாவு, வெள்ளை மாவு, சத்துச் சேர்த்த வெள்ளை மாவு என்று தனித்தனிக் குழுக்களுக்குத் தனித்தனி ரொட்டி கொடுக்கப்பட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். உணவின் பெரும்பகுதி ரொட்டியே. மாவில் சுண்ணாம்பும், தனியே வைட்டமின்களும் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லாக் குழுக்களும் விரைந்து வளர்ந்தன. ஒரு குழுவுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. சுண்ணாம்புக்கும் வைட்டமின் டி-க்கும் பஞ்சமில்லாத இடத்தில், தவிட்டின் பூட்டு குழந்தையின் வளர்ச்சியை நிறுத்தவில்லை என்பதே இதன் பொருள். தாம் சொன்னதைத் தாமே மறுபடி சோதிக்கத் துணிந்த அவ்விருவரின் நேர்மையை நாம் போற்றுகிறோம்.

ஆயின், உணவு முழுவதும் தானியமாகவே இருந்து, துணை ஏதும் இல்லாவிடில் என்ன நேரும்? அதற்கு விடை பாரசீகத்தில் கிடைத்தது. அதைக் கண்டவர் நம் நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. பீகார் மாநிலத்துப் பக்சர் என்ற ஊரில் 1928-இல் பிறந்து, பாட்னாவில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்ற டாக்டர் ஆனந்த பிரசாத், 1958-இல் ஈரான் நாட்டு ஷிராஸ் நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே ஜேம்ஸ் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் அவரிடம் ஒரு நோயாளியைக் காட்டினார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. பருவம் எய்தியதற்கான அடையாளங்கள் எவையும் இல்லை. இரத்த சோகை மிகுந்திருந்தது. தோல் வறண்டு சொரசொரப்பாய் இருந்தது. அவன் உண்டு வந்தது பெரும்பாலும் புளிக்காத கோதுமை ரொட்டி. அதனுடன் மண்ணும் தின்னும் பழக்கம். இறைச்சியோ பாலோ அவன் உணவில் அநேகமாக இல்லை. சில வாரங்களுக்குள் இதே தோற்றமுடைய வேறு சிலரும் அந்த மருத்துவமனைக்கு வந்தனர்.

இரும்புச் சத்துக் குறைவு மட்டும் இவ்வாறு வளர்ச்சியைத் தடுக்காது என்று பிரசாத் கருதினார். துத்தநாகக் குறைவால் பன்றிகளுக்குத் தோல் நோய் வருவதை 1955-இல் அமெரிக்காவில் கண்டிருந்தனர். மண்ணும் தவிட்டு ரொட்டியும் துத்தநாகத்தையும் இரும்பையும் சேர்த்தே பிணைத்திருக்கலாம் என்று 1961-இல் அவரும் துணைவர்களும் எழுதினர். பூமியில் எங்கும் காணப்படும் துத்தநாகத்தில் மனிதனுக்குக் குறைவு ஏற்படுமா என்று பலர் ஐயுற்றனர். பிரசாத் எகிப்துக்குச் சென்றார். அங்கும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டார். அவர்களிடம் துத்தநாகக் குறைவு இருப்பதை 1963-இல் நிலைநாட்டினார். துத்தநாகம் கொடுக்கப்பட்ட இளைஞர்கள் ஓராண்டில் ஐந்தாறு அங்குலம் வளர்ந்தார்கள். 1974-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம், மனிதனுக்கு நாள்தோறும் துத்தநாகம் இவ்வளவு தேவை என்று அளவு வகுத்தது. புளிக்காத கிராமத்து ரொட்டியின் பைட்டிக் அமிலமே துத்தநாகத்தைத் தடுக்கும் முக்கியக் காரணம் என்பதை, ரைன்ஹோல்ட் என்பாரும் துணைவர்களும் 1973-இல் மனிதரிடம் செய்த சோதனையால் உறுதிப்படுத்தினர். ஒரு தலைமுறையின் உயரத்தையே குறைக்கும் ஆற்றல், கண்ணுக்குத் தெரியாத அந்த விதைப் பூட்டுக்கு உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இப்பொழுது நம் வீட்டுச் சப்பாத்திக்கு வருவோம். நீலகிரியின் குன்னூரில் 1918-ஆம் ஆண்டு, டாக்டர் ராபர்ட் மக்காரிஸன் தலைமையில் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணை தொடங்கிற்று. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியை நம்பியிருந்தோரைக் கால் மரத்துப்போகச் செய்து, இருதயத்தையும் தாக்கிய நோய் அது. தவிட்டுடன் வைட்டமின் பி-1 கழிந்துபோவதே அதன் காரணம். அந்தச் சிறு விசாரணையே வளர்ந்து உணவு ஆராய்ச்சி நிலையமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய உணவூட்ட ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்றது. குன்னூரில் 1920-களில் மக்காரிஸன் நடத்திய எலிச் சோதனை உலகம் அறிந்தது. இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. முழுக் கோதுமைச் சப்பாத்தி அந்த வெற்றி உணவில் முதலிடம் பெற்றிருந்தது.

இதே சப்பாத்தி, அரை நூற்றாண்டு கழித்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. அந்நகரில் குடியேறிய பாகிஸ்தானியரிடையே ரிக்கெட்ஸும், வயது வந்தோருக்கு வரும் எலும்பு மென்மையும் பரவியிருப்பதை 1962-இல் மருத்துவர்கள் தெரிவித்தனர். 1972-இல் சில நோயாளிகளின் உணவிலிருந்து சப்பாத்தியை நிறுத்திப் பார்த்தபோது, இரத்தத்திற் சுண்ணாம்பு அளவு சீரடைவது தெரிந்தது. சப்பாத்தி மாவின் பைட்டிக் அமிலமே காரணம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் பைட்டிக் அமிலத்தைக் குறைக்காமலே, வைட்டமின் டி-யை மட்டும் கொடுத்தும் நோய் குறைந்தது. 1979-இல் அந்நகரில் தொடங்கிய இயக்கம், வைட்டமின் டி-யை இலவசமாக வழங்கிக் குழந்தைகளின் நோயைப் பெரிதும் தணித்தது. உணவிற் சுண்ணாம்பு போதாதபோது உடலிலுள்ள வைட்டமின் டி-யும் விரைந்து செலவாகிவிடுகிறது என்பது, 1987-இல் வெளியான எலிச் சோதனை ஒன்றால் தெரிய வந்தது. வெயில் குறைந்த நாட்டில், உடல் முழுதும் மூடி வீட்டுக்குள்ளே வாழ்ந்தவர்க்கு, கையிருப்பே சொற்பம். அச்சிறு இருப்பையும் இத்தகைய உணவு கரைத்துவிட்டது.

குன்னூரில் வென்ற சப்பாத்தி கிளாஸ்கோவில் தோற்றது ஏன்? மாவு மாறவில்லை, சுற்றம் மாறிற்று. குன்னூர் எலிகளுக்குச் சப்பாத்தியுடன் பாலும் வெண்ணெயும், முளைகட்டிய பயறும், பச்சைக் காய்கறியும், அவ்வப்போது எலும்புடன் இறைச்சியும் கிடைத்தன. கிளாஸ்கோக் குடும்பங்களுக்கு வெயில் கிடைக்கவில்லை. ஷிராஸ் இளைஞனுக்கு ரொட்டியைத் தவிர ஏறக்குறைய எதுவுமே கிடைக்கவில்லை. தானியத்தின் பூட்டு எங்கும் ஒன்றே. அது துன்பமாக விளைவது வறுமையும் இருளும் அதனுடன் கூடும்போதுதான். இந்த நூற்றாண்டு வரலாற்றிலிருந்து நாம் பெறும் முதற் பாடம் இது.

இரண்டாவது பாடம் அடுப்பங்கரையைப் பற்றியது. எல்லா எதிர்ச்சத்துக்களையும் ஒரே முறையால் வெல்ல இயலாது. பச்சைப் பருப்பிலும் சோயா மொச்சையிலும் புரத ஜீரணத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. பச்சைச் சோயா தின்ற எலிகள் வளரவில்லை, வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தன என்று 1917-இல் ஆஸ்பர்னும் மெண்டலும் அமெரிக்காவிற் கண்டனர். ஆகவே பருப்பைக் குழைய வேகவைக்கும் வழக்கமே இதற்கு மருந்து. பைட்டிக் அமிலமோ வெப்பத்துக்கு எளிதில் அழிவதில்லை. சமைப்பதற்கு முன்பே, விதை தன் முளைக்காகச் செய்வதை நாம் செய்விக்க வேண்டும். அதாவது ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்க வைத்தல். ஊறலிலும் முளையிலும் பைட்டேஸ் விழிக்கிறது. புளிப்பில் தோன்றும் அமிலத்தன்மை அதன் வேலைக்குத் துணை செய்கிறது. உளுந்தும் அரிசியும் ஊறி, அரைபட்டு, ஓர் இரவு புளிக்கும்போது, பைட்டிக் அமிலத்தின் ஒரு பகுதி சிதைந்துபோகிறது. முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவும், குஜராத்தியரின் புளித்த டோக்ளாவும், மராட்டியரின் முளைகட்டிய பயற்று உசளும் இதே வழியைச் சார்ந்தவை. வேதியியல் அறியாத நம் முன்னோர் இவற்றைச் சுவைக்காகவும் செரிமானத்துக்காகவும் கையாண்டனர். பயன் அதற்கு மேலும் விளைந்தது.

கீரையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் மற்றொரு பூட்டு. வடநாட்டார் பாலக் என வழங்கும் கீரைக்கு உறவான ஸ்பினாச் கீரையில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. ஆயினும் 1988-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்ததில், அக்கீரையிலுள்ள சுண்ணாம்பில் 100-க்கு 5 பங்கே உடலிற் சேர்ந்தது. பாலில் உள்ளதோ 100-க்கு 28 பங்கு அளவில் சேர்ந்தது. எனவே பாலக் உண்பதால் பால், தயிர் தேவையில்லை என்று எண்ணலாகாது.

இரும்புச் சத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. ஸ்வீடன் நாட்டு ஹால்பெர்க்கும் துணைவர்களும் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ரொட்டியில் பைட்டிக் அமிலத்தைச் சேர்ந்த பாஸ்பரஸ் 2 மில்லிகிராம் இருந்தாலே, உடல் ஏற்கும் இரும்பு 100-க்கு 18 பங்கு குறைகிறது. 25 மில்லிகிராம் இருந்தால் 64 பங்கும், 250 மில்லிகிராம் இருந்தால் 82 பங்கும் குறைகிறது. ஆனால் அவ்வுணவோடு வைட்டமின் சி சேர்ந்தால் இக்குறை பெருமளவு ஈடாகிவிடுகிறது. ஐதராபாத் நிலையத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அரிசி உணவுடன் கொய்யாப் பழம் உண்ட இளம் பருவத்தினரின் உடல் இரும்பை அதிகமாக ஏற்றது. துத்தநாகத்திற்கு மட்டும் அப்பயன் ஏற்படவில்லை. உணவை உண்டவுடன் அருந்தும் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருளோ, இரும்பைத் தடுக்கிறது. இதனைத் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர் 1975-இல் காட்டினர். வடநாட்டில் சப்பாத்தியுடன் சேர்த்தே தேநீர் பருகும் பழக்கத்தை மேற்கொண்ட நம் குடும்பங்கள் இதனைக் கருத வேண்டும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நலம்.

இவ்வளவும் கேட்டபின், தவிட்டை நீக்கிவிட்டால் என்ன என்று சிலர் வினவலாம். குன்னூர் ஆராய்ச்சி தொடங்கியதே தவிட்டை நீக்கியதால் வந்த நோயினால்தான் என்பதை மறத்தலாகாது. தவிட்டோடு பைட்டிக் அமிலம் போவது மெய். அதனுடன் பி-1 வைட்டமினும், நார்ப் பொருளும், தாதுக்களில் பெரும் பகுதியும் போய்விடுகின்றன. பூட்டைக் கண்டு அஞ்சிப் பெட்டியையே எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

நாம் செய்யத்தக்கது எளிது. சப்பாத்தி உண்ணும் வேளையில் தயிரோ மோரோ, ஒரு கரண்டி பருப்போ, எலுமிச்சை பிழிந்த பச்சைக் காய்கறியோ அருகில் இருக்கட்டும். வாரத்தில் சில நாள் முளைகட்டிய பயறு சமைக்கலாம். குளிர்காலத்தில் மாவு புளிக்கவில்லை என்று இட்லியைக் கைவிடாமல், வெதுவெதுப்பான இடத்தில் பாத்திரத்தைப் போர்த்தி வைத்துச் சற்று நீண்ட நேரம் காத்திருக்கலாம். அடுக்குமாடி வீடுகளில் அடைந்து கிடக்கும் குழந்தைகளை நாள்தோறும் வெயிலில் விளையாட விடவேண்டும். வளரும் சிறுமியரும் கருவுற்ற பெண்டிரும் சோர்வும் வெளிறலும் கண்டால், உணவைப் பற்றிய செவிவழிச் செய்திகளை நம்பியிராமல் மருத்துவரிடம் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே முறை.

ஊர் மாறும்போது தானியம் மாறுவது இயல்பு. ஆயினும் தானியத்துடன் சேர்ந்து வரும் பழக்கங்கள் மாறும்போதுதான் இழப்பு நேர்கிறது. சப்பாத்தியை ஏற்றுக்கொண்ட நாம், பஞ்சாபியர் அதனுடன் வைத்து உண்ணும் தயிரையும் பருப்பையும் கீரையையும் ஏற்றுக்கொள்வோம். நம்முடன் கொண்டுவந்த ஊறலையும் முளையையும் புளிப்பையும் கைவிடாதிருப்போம். இரண்டும் ஒரே வீட்டில் அமையுமானால், புலம்பெயர்ந்த தமிழ்க் குழந்தைகளின் எலும்பும் இரத்தமும் குறைவின்றி வளரும்.